பிரம்பு வேண்டுமென்றால் காடு வேண்டும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரம்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு செடியை நாம் மறந்துபோனோம், அதிலிருந்து வெட்டிய ஒரு குச்சியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். குச்சியை விட்டுவிட்டுச் செடியிடம் திரும்பிப் போக வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே வந்திருக்கிறேன்.

நான் சொல்ல விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரம்பு மரத்தைப் பற்றி ஏறி வாழும் கொடி. அதற்கு ஏறிப் போக மரம் வேண்டும், இளமையில் நிழல் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்துக்குக் காடு என்று பெயர். தேக்கை விற்க வேண்டுமானால் மரத்தை வெட்ட வேண்டும். பிரம்பை விற்க வேண்டுமானால் மரத்தை வெட்டாமல் காக்க வேண்டும். காட்டோரத்தில் வாழும் ஏழைக் குடும்பத்துக்குக் காட்டை நிற்கவைத்தே வருமானம் தரும் பொருள்கள் சிலவே உண்டு. அவற்றில் பிரம்பு முதன்மையானது. இன்று நான் சொல்லப்போகும் அத்தனை செய்தியும் இந்த ஒரு கருத்தில்தான் வந்து சேரும்.

பனைக்கு உறவான கொடி

மூங்கிலும் பிரம்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதால் வந்த எண்ணம் அது. மூங்கில் புல் குடும்பம். நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தம். பிரம்போ பனைக் குடும்பம். தென்னைக்கும் கமுகுக்கும் ஈச்சைக்கும் உடன்பிறப்பு. மூங்கில் கணுக்களுக்கு இடையே உள்ளீடற்று இருக்கும். பிரம்பு அடி முதல் நுனி வரை கெட்டியாக இருக்கும். மூங்கிலை ஓங்கி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். பிரம்பு பிளப்பதில்லை, நுனி நைந்துபோகும், அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தற்காப்புக் கலையான ஆர்னிஸில் பிரம்பையே பயிற்சிக் கோலாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். சிலாம்பு தெறித்து எதிரில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும் என்ற அச்சம் இல்லை.

உலகில் சுமார் 600 வகைப் பிரம்புகள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி, இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா, போர்னியோ வழியாக, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையையும் தொட்டுப் பசிபிக் கடலின் பிஜித் தீவு வரை அவை பரவியிருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தில் ஏறு பனைகள் உண்டு. ஆனால் அவை வேறு கிளை, பிரம்பு அல்ல. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 60 வகைகள். அவை மூன்று இடங்களில் குவிந்திருக்கின்றன: வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிகோபார் தீவுகள், நம் மேற்குத் தொடர்ச்சி மலை.

பனை மரம் தன் காலில் நிற்கும். பிரம்பால் அப்படி நிற்க முடியாது. அதன் தண்டு மெல்லியது. நீளமோ மலைக்க வைப்பது. மலாயாவிலும் சுமத்ராவிலும் வளரும் ரோத்தான் மானாவ் என்ற வகையில் 100 மீட்டருக்கும் மேல் நீண்ட கொடிகளை அளந்திருக்கிறார்கள். இவ்வளவு நீளமான தண்டைச் சுமந்துகொண்டு காட்டின் உச்சிக்கு எப்படிப் போகிறது? சில வகைகளில் இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு ஒரு சாட்டையாகிறது. வேறு சில வகைகளில் இலையுறையின் பக்கத்திலிருந்து சாட்டை கிளம்புகிறது. சாட்டை முழுவதும் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள். காற்றில் ஆடும் சாட்டை பக்கத்து மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் பிறகு விடுவதில்லை. ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிட உயரத்தில் பிடித்துக்கொள்கிறது. கீழ் இலைகள் முதிர்ந்து உதிரும்போது பிடி தளர்ந்து தண்டு சரிந்து தரையில் சுருண்டு கிடக்கும். நுனி மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே போய்க்கொண்டே இருக்கும்.

தண்டின் உட்புறத்தைப் பார்த்தால் அதன் வலிமைக்குக் காரணம் புரியும். தேர்வடத்தை வெட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான புரிகள் தெரிவதுபோல், பிரம்பை வெட்டினால் நார்க்கற்றைகள் தெரியும். அவை வெளிப்புறத்தில் நெருங்கியும் உள்ளே இடைவெளி விட்டும் அமைந்திருக்கும். ஒவ்வொரு கற்றையிலும் நீர் ஏறும் குழாய்கள் உண்டு. தோலின் மேற்பரப்பில் சிலிக்கா என்ற மணற்சத்து படிந்திருக்கும். பிரம்பின் பளபளப்பு அதிலிருந்து வருகிறது. மரங்களைப்போல் ஆண்டுக்கு ஆண்டு பருமனாகும் இயல்பு பனைக் குடும்பத்துக்குக் கிடையாது. அதனால் பிரம்புச் செடி முதல் சில ஆண்டுகள் தரையோடு தரையாக இருந்து இலைகளை மட்டும் விட்டு, தண்டுக்கு வேண்டிய பருமனைத் தேடிக்கொண்ட பிறகுதான் ஏறத் தொடங்குகிறது. எத்தனை அவசரப்பட்டாலும் அந்த ஆண்டுகளை நாம் குறைக்க முடியாது.

பெரும்பாலான பிரம்புகளில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காட்டில் கண்மூடித்தனமாக வெட்டி ஒன்றிரண்டை மட்டும் விட்டால், விட்டதெல்லாம் ஆணாகவே போய்விடக்கூடும். பிறகு பழம் ஏது, விதை ஏது? சில வகைகள் தூர் விட்டுக் கொத்தாக வளரும். முதிர்ந்த தண்டை வெட்டினால் பக்கத்தில் புதியது வரும். ரோத்தான் மானாவ் போன்றவை ஒற்றைத் தண்டு; வெட்டினால் அந்தச் செடியின் கதை அதோடு முடிந்தது. மேசை நாற்காலிக்கு மிகச் சிறந்த பருமனான பிரம்பு அந்த ஒற்றைத் தண்டு வகையில்தான் கிடைக்கிறது. உலகச் சந்தை அதைத்தான் அதிகம் கேட்டது; காட்டில் முதலில் குறைந்துபோனதும் அதுதான்.

பிரம்பு தான் மட்டும் வாழும் செடியும் அல்ல. அதன் செதில் போர்த்த பழங்களைப் பறவைகளும் குரங்குகளும் தின்று விதை பரப்புகின்றன. கோர்தால்சியா என்ற பிரம்பின் இலையுறையில் உள்ள உப்பிய அறைகளில் எறும்புகள் குடியிருக்கின்றன. செடியை யாராவது தொட்டால் அந்த எறும்புகள் அறையின் சுவரில் உடம்பை மோதி ஒலியெழுப்பி எச்சரிக்கின்றன. வீடு கொடுத்த செடிக்கு அவை காவல் நிற்கின்றன.

சொல்லும் வழக்கும்

தமிழில் இதற்குப் பிரம்பு என்று பெயர். கூடையோடு சேர்ந்தால் பிரப்பங்கூடை, பாயோடு சேர்ந்தால் பிரப்பம்பாய், வேரை மருந்துக்கு எடுத்தால் பிரப்பங்கிழங்கு. சூரல் என்றொரு பெயரும் உண்டு. மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. வேத்திரம் என்ற வடசொல்லும் பழைய நூல்களில் வரும். கன்னடத்தின் பெத்தவும் தெலுங்கின் பெத்தமும் இந்தியில் பேந்த் என்பதும் அந்தச் சொல்லின் வழிவந்தவை. சிங்களத்தில் வேவல். மலாய் மொழியில் ரோத்தான். ஆங்கிலத்தின் ராட்டன் அதிலிருந்து பிறந்தது.

1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தாம் அறிந்த செடிகளுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டியபோது, இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் பிரம்புக்குக் கேலமஸ் ரோட்டாங் என்று பெயர் வைத்தார். நம் குளக்கரையில் வளர்ந்த செடியின் அறிவியல் பெயரில் மலாய்ச் சொல் நிலைத்தது இப்படித்தான். அன்றைக்கு ஐரோப்பாவுக்குப் பிரம்பு போன வழி மலாக்கா, படேவியா துறைமுகங்கள் வழி. கப்பல் வந்த திசையிலிருந்தே பெயரும் வந்தது.

ஆனால் செடியைக் கூர்ந்து பார்த்த பெருமையில் நாம் யாருக்கும் பின்னால் இல்லை. குறுந்தொகையின் 91ஆம் பாடலில் ஔவையார் பிரம்பைப் பாடியிருக்கிறார். பின்னிப் படர்ந்த கொடி, கோடு போட்ட தோலுடைய பழம், ஆழமான பொய்கை, அதில் விழும் பழத்தைக் கவ்வும் கெண்டை மீன் என்று அந்தக் காட்சி விரிகிறது. கேலமஸ் ரோட்டாங் நீர்நிலைகளின் ஓரத்தில் வளர்வது. அதன் பழத்தோலில் செதில்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதால் கோடு போட்டதுபோல் தெரியும். இன்றைய தாவரவியல் நூல் சொல்லும் இரண்டு அடையாளங்களையும் ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழ்ப் புலவர் பார்த்து வைத்திருக்கிறார். அந்தப் பாடலில் பிரம்பு ஒரு கொடி. பழம் தரும், மீனுக்கு இரை தரும் கொடி. அடிக்கும் கோல் அங்கே இல்லை.

கோலாக மாறியது எப்போது? கோயில் மரபில் நந்திதேவர் கையில் பிரம்பு இருக்கிறது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வாயிற்காவலரின் அடையாளம் அது. அரசவையிலும் கட்டியம் கூறுவோர் கையில் பிரம்பு இருந்தது. ஒழுங்கின் அடையாளமாக இருந்த கோல் காலப்போக்கில் தண்டனையின் கருவியாக நம் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி அதற்குத் துணை நின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் மக்கள் இன்றும் செய்தித்தாளில் 'பிரம்படித் தண்டனை' என்று படிக்கிறார்கள். அந்நாடுகளில் நீதிமன்றம் விதிக்கும் அந்தத் தண்டனை ஆங்கிலேயர் ஆட்சிச் சட்டத்தின் வழி வந்தது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தையின் உடலை வருத்தும் தண்டனையைத் தடை செய்துவிட்டது.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் மதுரைத் திருவிளையாடல் ஒன்றை நினைவூட்டுகிறேன். வைகையில் வெள்ளம் வந்தபோது பிட்டு விற்கும் வந்தியின் கூலியாளாக இறைவனே மண் சுமக்க வந்தார். வேலை செய்யவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி உலகத்து உயிர்கள் அத்தனையின் முதுகிலும் விழுந்தது. அடித்த மன்னன் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் மதுரை இந்தக் கதையைக் கொண்டாடுகிறது. ஒரு பிள்ளையின் மேல் விழும் அடி யார் யார் மேலெல்லாம் விழும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. தண்டனைக்கான பிரம்பை நம் மரபே மறுத்திருக்கிறது.

சொல்வழக்கில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். கடைகளில் ராட்டன், கேன், விக்கர் என்று மூன்று பெயர் எழுதி வைக்கிறார்கள். ராட்டன் என்பது செடிக்கும் அதன் தண்டுக்கும் பெயர். கேன் என்று பெரும்பாலும் அதே தண்டையும், தோலை உரித்து எடுத்த பட்டையையும் சொல்கிறார்கள். விக்கர் என்பது பொருளின் பெயரே இல்லை; அது பின்னும் முறையின் பெயர். பிரம்பு, மூங்கில், நாணல், ஏன், பிளாஸ்டிக் நாடாவைக்கூட அந்த முறையில் பின்னலாம். இன்று தோட்டத்து நாற்காலி என்று விற்பவற்றில் பெரும்பகுதி பாலிஎதிலீன் நாடாவால் பின்னியவை. அவற்றையும் ராட்டன் என்றே விற்கிறார்கள். உண்மைப் பிரம்பைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். விரல் நீளப் பிரம்புத் துண்டின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள். நீர் ஏறும் குழாய்கள் திறந்திருப்பதால் மறுபக்கம் குமிழி வரும். பிளாஸ்டிக் அதைச் செய்யாது.

காட்டிலிருந்து நாற்காலி வரை

பிரம்பு வெட்டுவது கடினமான வேலை. அடியில் வெட்டிவிட்டால் கொடி தானாகக் கீழே விழாது. உச்சியில் நூறு கொக்கிகள் மரங்களைப் பிடித்திருக்கும். ஆட்கள் சேர்ந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது காய்ந்த கிளை முறிந்து தலையில் விழலாம். எறும்புக் கூடும் குளவிக் கூடும் கலையலாம். முள் நிறைந்த இலையுறையை வெட்டுக்கத்தியால் சீவி எடுக்க வேண்டும். நுனிப்பகுதி இளசாக இருப்பதால் பயன்படாது, அதை விட்டுவிடுவார்கள். மீதியைத் துண்டுகளாக்கிக் கட்டி, பாதையில்லாத காட்டில் தோளில் சுமந்து ஆற்றங்கரைக்கோ சாலைக்கோ கொண்டுவர வேண்டும்.

பச்சைப் பிரம்பு ஈரம் மிகுந்தது. சில நாள் அப்படியே போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், வண்டு துளைக்கும். அதனால் பருமனான பிரம்பைக் கொதிக்கும் எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். டீசலோடு தேங்காயெண்ணெயோ பாமாயிலோ கலந்து பயன்படுத்துவது வழக்கம். உள்ளிருக்கும் ஈரமும் பிசினும் வெளியேறிவிடும். பிறகு மரத்தூளோ சாக்குத்துணியோ கொண்டு தேய்த்து வெயிலில் காயவைப்பார்கள். மெல்லிய வகைகளுக்குக் கந்தகப் புகை காட்டுவதும் உண்டு; நிறம் வெளுத்து, பூச்சியும் அண்டாது.

சூடேற்றினால் பிரம்பு இளகும். வளைத்துப் பிடித்து ஆறவைத்தால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். நாற்காலியின் கைப்பிடி, தொட்டிலின் வளைவு, ஊஞ்சலின் வட்டம் எல்லாம் இப்படி வருபவை. பருமனான பிரம்பு சட்டமாகும். மெல்லியதைப் பிளந்து தோலைப் பட்டையாக எடுத்தால் இருக்கை பின்னலாம், மூட்டுகளைச் சுற்றிக் கட்டலாம். உள்ளிருக்கும் சதைப்பகுதியை இழையாக இழுத்தால் கூடை பின்னலாம். எதுவும் வீணாவதில்லை.

நம் ஊர்ப்பக்கத்தில் இந்தத் தொழிலைக் காண வேண்டுமானால் சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில் கொள்ளிடத்தை அடுத்த தைக்காலுக்குப் போகலாம். சாலையோரக் கடைகளில் ஊஞ்சல், தொட்டில், சாய்வு நாற்காலி, அர்ச்சனைத் தட்டு என்று தொங்கும். இலங்கையில் கொழும்பிலிருந்து கண்டி போகும் சாலையில் உள்ள வேவல்தெனிய அதே தொழிலுக்குப் பேர்போனது. பிரம்பின் பெயரையே அந்த ஊர் சுமந்திருக்கிறது.

இருக்கை பின்னுவதில் இன்னொரு செய்தி உண்டு. அரசு அலுவலகங்களில் மர நாற்காலியின் இருக்கைக்குப் பிரம்புப் பட்டை பின்னியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். நேர்க்கோடு, குறுக்குக்கோடு, இரு மூலைவிட்டங்கள் என்று அடுக்கடுக்காகப் போகும் பின்னல் அது. நடுவில் எண்கோணத் துளைகள் வரும். பார்வையற்றோர் பள்ளிகளில் இதை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். விரல் நுனியால் எண்ணியே பின்னக்கூடிய வேலை என்பதால், பார்வையற்ற பலர் அலுவலகங்களில் நாற்காலி பின்னும் பணியில் அமர்ந்து கௌரவமாக வாழ்ந்தார்கள். பிளாஸ்டிக் ஒயரும் பஞ்சு இருக்கையும் வந்த பிறகு நாற்காலி மட்டும் மாறவில்லை, அவர்களுடைய பிழைப்பும் போயிற்று. ஒரு பொருளை மாற்றும்போது அதைச் செய்த கைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கெல்லாம் போனது பிரம்பு

கிரிக்கெட் பார்க்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. மட்டையின் அடிப்பகுதி வில்லோ மரம் என்று எல்லோருக்கும் தெரியும். கைப்பிடி பிரம்பு என்பது பலருக்குத் தெரியாது. தென்கிழக்காசியக் காட்டிலிருந்து வரும் பிரம்பைச் சட்டம் சட்டமாகச் சீவி, இடையே ரப்பர் வைத்து ஒட்டி, கடைந்து உருட்டி மட்டையில் ஆப்புபோல் செருகுவார்கள். பந்து மோதும் அதிர்ச்சியைப் பிரம்பு தாங்கிக்கொள்வதால் கை அதிராது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த இந்த முறை இன்றும் மாறவில்லை. கைப்பிடி பெரும்பாலும் பிரம்பாலோ மரத்தாலோ இருக்க வேண்டும் என்று ஆட்ட விதியே சொல்கிறது.

மராட்டியத்தின் மல்லகம்ப விளையாட்டில் தொங்கும் கயிற்றில் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அங்கே தொங்கியது பிரம்பு. நல்ல நீளப் பிரம்பு கிடைப்பது அரிதானதால் பருத்திக் கயிறு வந்தது. மலாய் மக்களின் சேபாக் தக்ரோ பந்து பிரம்பால் பின்னியது; இப்போது போட்டிகளில் செயற்கைப் பந்து. அருணாசலப் பிரதேசத்தின் ஆதி என்னும் பழங்குடி மக்கள் சியாங் ஆற்றின் மேல் பிரம்பாலேயே தொங்குபாலம் கட்டினார்கள். நீண்ட பிரம்புகளைக் கரைக்குக் கரை இழுத்து, வளையங்கள் கோத்து, குழாய்போல் அமைத்து, அதனுள்ளே நடந்து போவார்கள். ஊரே கூடிப் பழைய பிரம்பை மாற்றிப் புதுப்பிப்பார்கள். அதே மாநிலத்து நிஷி மக்களின் தலையணியும் பிரம்புப் பின்னலே.

மேல்நாட்டுக் கதை வேறு விதம். கிழக்கிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் சரக்கு அசையாமல் இருக்க இடையிடையே பிரம்பை அடைத்து வைத்திருப்பார்கள். இறக்கியதும் எறிந்துவிடுவார்கள். 1840களில் சைரஸ் வேக்ஃபீல்டு என்பவர் அந்தக் குப்பையை வாங்கி விற்கத் தொடங்கினார். 1855இல் தன் பெயரில் பிரம்புத் தொழில் நிறுவனம் அமைத்தார். 1868இல் அவர் ஊரே வேக்ஃபீல்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி, வளைத்த பீச் மரமும் பிரம்புப் பின்னல் இருக்கையும் கொண்டது. ஐரோப்பாவின் சிற்றுண்டிச் சாலைகளையெல்லாம் அது நிறைத்தது. நம் நாட்டில் 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது, கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் கொண்ட நாற்காலிகளை வடிவமைத்தார். பழசாகிவிட்டதென்று நாம் கழித்துத் தள்ளிய அதே நாற்காலிகளை வெளிநாட்டு ஏலக்கூடங்களில் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள்.

இத்தாலியின் ஃபயென்சா நகரத்து ஆய்வாளர்கள் பிரம்பை மருத்துவத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரம்பின் நுண்குழாய் அமைப்பு மனித எலும்பின் அமைப்பை ஒத்திருக்கிறது. சூடும் வேதிமுறையும் கொண்டு பிரம்பை எலும்பின் சுண்ணாம்புப் பொருளாக மாற்றியும், குழாய் அமைப்பை அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். உடைந்த எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து இணைய வேண்டும் என்பது நோக்கம். குப்பை என்று கப்பலிலிருந்து எறியப்பட்ட பொருள் மனித உடம்புக்குள் இடம் பிடிக்கிறது.

காலிமந்தானின் பாடம்

உலகச் சந்தைக்குப் போகும் பிரம்பில் மிகப் பெரிய பங்கு இந்தோனேசியாவினுடையது. போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானில் தயாக் மக்கள் ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காட்டின் சிறு பகுதியைத் திருத்தி மலைநெல் விதைப்பார்கள். நெல்லோடு பிரம்பையும் நடுவார்கள். ஓரிரு அறுவடைக்குப் பிறகு நெல் வேறிடம் போகும். அந்த நிலத்தில் காடு மீண்டும் எழும். பிரம்பு அந்தக் காட்டோடு சேர்ந்து ஏறும். எட்டுப் பத்து ஆண்டில் வெட்டலாம். கொத்து வகை என்பதால் வெட்ட வெட்ட மீண்டும் வரும். பார்ப்பவருக்கு அது காடு. அவர்களுக்கு அது தோட்டம். பாரித்தோ ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படிப் பிரம்பு வளர்த்திருக்கிறார்கள்.

நாட்டில் மேசை நாற்காலித் தொழில் வளர வேண்டும் என்று இந்தோனேசிய அரசு 1986இல் பச்சைப் பிரம்பு ஏற்றுமதியைத் தடுத்தது. 1988இல் அரைப்பக்குவப் பிரம்பையும் தடுத்தது. 1998இல் தடை தளர்ந்தது. 2012 முதல் மீண்டும் வந்தது. ஜாவாவில் சிரெபோன் நகரத்துத் தொழிற்கூடங்களுக்குக் குறைந்த விலையில் பிரம்பு வேண்டும் என்ற நோக்கத்தில் குறையில்லை. ஆனால் வாங்குவோர் குறைந்ததால் காட்டுக்குள் இருந்த விவசாயிக்கு விலை சரிந்தது. பிரம்பு சோறு போடாதபோது பிரம்புத் தோட்டத்தை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பலர் ரப்பருக்கும் எண்ணெய்ப் பனைக்கும் மாறினார்கள். பிரம்போடு சேர்ந்து அதைத் தாங்கிய மரங்களும் போயின.

இதில் உள்ள பாடம் தெளிவானது. நாற்காலி செய்பவருக்கு மட்டும் கைகொடுத்து, பிரம்பு எடுப்பவரைக் கைவிட்டால் இருவரும் கெடுவார்கள். காடு நிற்பதும் விழுவதும் தோளில் கட்டைச் சுமந்து வருபவருக்குக் கிடைக்கும் கூலியைப் பொறுத்தது. லாவோஸ் நாட்டில் கிராம மக்களே காட்டைக் கணக்கெடுத்து, எவ்வளவு வெட்டலாம் என்று வரையறுத்து, பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றுப் பிரம்பு விற்றுக் காட்டியிருக்கிறார்கள். வழி இருக்கிறது என்பதற்கு அது சான்று.

நம் கடமை

இந்தியாவில் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள் என்பதற்கு விளக்கம் தரும்போது மூங்கிலோடு பிரம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பழங்குடியினரும் வழிவழியாகக் காட்டில் வாழ்வோரும் அதைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை பெற்றவர்கள். அந்த உரிமை ஏட்டில் மட்டும் நிற்காமல் கிராம சபையில் உயிர்பெற வேண்டும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரம்புகளை வகைப்படுத்தி, வளர்க்கும் முறைகளை ஆராய்ந்து வைத்திருக்கிறது. அந்த அறிவைப் பயன்படுத்தி நம் மலையடிவாரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் மரங்களுக்கிடையே பிரம்பு நடலாம்.

இங்கிருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன். பொருள் வாங்கும்போது இது உண்மைப் பிரம்பா, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் பதில் சொல்லும் கடைக்காரரும் பெருகுவார். செய்தவர் கையிலிருந்து நேரே வாங்க முடிந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வாங்கியதைப் பேணுங்கள்: நேர்வெயிலில் போடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பின்னல் இருக்கை தொய்ந்தால் அடிப்பக்கத்தை நனைத்து நிழலில் உலரவிடுங்கள், இழுத்துக்கொண்டு இறுகிவிடும். அறுந்தால் தூக்கியெறியாமல் பின்னுபவரைத் தேடிக் கொடுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பறைக்குப் பிரம்பு மீண்டும் வரட்டும். ஆனால் பாடப்பொருளாக வரட்டும். பனைக் குடும்பம் நடத்தும் நாளில் ஒரு துண்டுப் பிரம்பை மாணவர் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். குறுந்தொகை நடத்தும் நாளில் பிரம்பின் பழத்தைப் படத்திலாவது காட்டுங்கள். மாணவர்களே, உங்கள் ஊர்க் குளக்கரையிலோ ஆற்றோரத்திலோ முள்கொடிப் புதர் இருந்தால் அது பிரம்பா என்று பாருங்கள். சமவெளியில் அது அரிதாகிவிட்டது. இருந்தால் முட்புதர் என்று அழிக்கவிடாமல் காத்துக்கொள்ளுங்கள்.

பிரம்பை நட்டவர் முதல் நாற்காலியில் உட்காருபவர் வரை ஒரு நீண்ட கொடி போகிறது. அதன் வேர் காட்டில் இருக்கிறது. காட்டை விற்றுத்தான் வாழ முடியும் என்று சொல்பவர்களுக்கு, காட்டைக் காத்தும் வாழலாம் என்று பதில் சொல்ல நம்மிடம் ஒரு செடி இருக்கிறது. அந்தப் பதிலை உரக்கச் சொல்லும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.